கிடைக்காத மணல்

"அம்மா, எனக்குத் துணி கொடுத்துடுங்க" என்றார் மாசிலாமணி.

வந்ததும் வராததுமாக, காலில் செருப்போடு நின்று கேட்டார்.

மடத்தம்மா தலை நிமிரவில்லை. கிணற்றடியில் குந்தியிருந்தாள். கரி ஏறிய அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு, மணலை அள்ளி அள்ளித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன துணி? துண்டா, வேட்டியா?"

"காவித் துணி."

"கட்டிக்கிட்டு?"

"இங்கேயே இருந்துடறேன்."

"அண்டா தேய்ப்பீங்களா?"

"தேய்க்கிறேன்."

அவள் எழுந்து விலகிக்கொண்டாள். மாசிலாமணி செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தினார். முழங்கால் இரண்டும் சொடக்குப் போட்டன. ஒரு கை மணலை எடுத்துத் தேய்த்தார். கரி போகவில்லை. இன்னொரு கை எடுத்தார்.

"இது பொடி மணலு. பெருமணலா பார்த்து எடுங்க" என்றாள் மடத்தம்மா. "உங்களுக்குப் போய் நான் மணலைப் பத்திச் சொல்றேன் பாருங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மாசிலாமணிக்கு ஐம்பத்தாறு வயது. ஆற்றுப் படுகையில் மணல் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று அளப்பது அவர் உத்தியோகம். முப்பத்தொரு வருடமாக அதைத்தான் செய்கிறார். மணல் நகர்கிறதா என்று கேட்காத ஆள் கிடையாது. பெண் பார்க்கப் போன வீட்டில்கூடக் கேட்டார்கள்.

மடத்தம்மாவுக்கு நாற்பத்து மூன்று. தையல்நாயகி என்று பெயர். பன்னிரண்டு வருடம் கட்டட வேலையில் சித்தாளாக இருந்து, கொத்தனார்களுக்கு மணல் சலித்துக் கொடுத்தவள். நாவல்துறை மடத்துச் சுவர் பூச வந்தாள். பூச்சு முடிந்தது. அவள் போகவில்லை. மடத்தை நடத்திவந்த பெரியவர் கண்ணை மூடுமுன் மடத்துச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒன்பது வருடமாக மாசிலாமணி அவளிடம் வந்து போகிறார். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். குருவும் சீடரும் அப்படிக் கூப்பிட்டுக்கொள்வதைக் கேட்டு முதல் தடவை வருகிறவர்கள் முழிப்பார்கள்.

அண்டா பாதி வெளுத்தது.

"போதும்ணே. மேல மூச்சு வாங்குது. இங்க வந்து உட்காருங்க."

உட்கார்ந்தார்.

"கொண்டாந்திருக்கீங்களா?"

நாவல்துறை மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. துணி கேட்டு வருகிறவர், எதை விட்டுவிட்டு வருகிறாரோ அதைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். முழுசாக ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும். ஒருத்தர் தன் லாரியை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினார். இன்னொருத்தர் இருபது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தன் அண்ணனையே கூட்டி வந்தார். அண்ணனும் தம்பியும் சாயந்திரம் ஒரே பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார்கள். அன்றைக்கு எடுத்து வைத்த துணி இன்னும் பெட்டியில் மடித்தபடி இருக்கிறது.

மாசிலாமணி பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து முன்னால் வைத்தார்.

"இதான்."

"என்ன இது?"

"ரிப்போர்ட். நம்ம நாவல்துறை ஆத்தைப் பத்தினது. திங்கக்கிழமை நான் கையெழுத்துப் போடணும்."

"போட்டா?"

"இங்க மணல் எடுக்க உத்தரவு வந்துடும்."

"போடலன்னா?"

"நான் போடலன்னா வேற ஒருத்தர் போடுவார்."

மடத்தம்மா மேல் காகிதத்தைப் புரட்டினாள். கட்டம் கட்டமாக எண்கள். அடுத்த காகிதம். அதிலும் எண்கள்.

"நான் எட்டாவதுணே. வாயால சொல்லுங்க."

* * *

"ஆத்துல தண்ணி போறப்ப அடியில மணலும் போகும்" என்றார் மாசிலாமணி. "உருளும். தாவும். சில நேரம் சும்மா கிடக்கும். எவ்வளவு போகுதுன்னு தெரிஞ்சாத்தான், எவ்வளவு வருதுன்னு தெரியும். எவ்வளவு வருதுன்னு தெரிஞ்சாத்தான், எவ்வளவு எடுக்கலாம்னு சொல்ல முடியும்."

"சரி. எப்படி அளக்கறது? மணலு எல்லாம் ஒரே மாதிரில்ல இருக்கு."

"அதுக்குத்தான் சாயம். போன ஆடியில, அணை தெறக்கறதுக்கு முன்னாடி, பசையில சாயம் கலந்து இருபது மூட்டை மணலைச் சிவப்பாக்கினேன். கரைக்குக் கரை ஒரு கோடு. கோட்டுல இருபது இடம். இடத்துக்கு ஒரு மூட்டை. கொட்டிவிட்டு வந்தோம்."

"ஞாபகம் இருக்கு. உங்க நகமெல்லாம் சிவப்பா வந்து உட்கார்ந்தீங்க. மருதாணி வச்சிருக்கீங்களான்னு கேட்டேன்."

"வெள்ளம் வந்துது. போச்சு. மாசியில ஆறு காஞ்சதும் தேடினோம். கோட்டுக்குக் கீழே ரெண்டு கிலோமீட்டர். பத்தடிக்கு ஒரு கை மணல் அள்ளி, சலிச்சு, சிவப்பை மட்டும் எண்ணினோம்."

"ஒவ்வொண்ணாவா?"

"ஒவ்வொண்ணா. லென்ஸ் வச்சு."

"கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

"போயிடுச்சு பாதி."

"எவ்வளவு கிடைச்சுது?" என்றாள்.

"நூத்துக்கு நாலு."

"மீதி?"

"போயிடுச்சு."

"எங்க?"

"தூரமா. ரெண்டு கிலோமீட்டரைத் தாண்டி. கடல் வரைக்கும்கூட."

"பார்த்தீங்களா?"

"பார்க்கலை. கிடைக்காததை எல்லாம் எல்லையைத் தாண்டிப் போனதா எடுத்துக்கணும். அதான் ஆபீஸ் முறை."

"நூத்துல தொண்ணூத்தாறு காணோம்" என்றாள் மடத்தம்மா. "எங்க மேஸ்திரியா இருந்தா என்னைத் தொலைச்சிருப்பான். உங்க ஆபீஸ்ல அதுக்கு ஒரு முறை வச்சிருக்காங்க."

மாசிலாமணி வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார்.

"அவ்வளவு தூரம் போகுதுன்னா ஆத்துக்கு வேகம் இருக்குன்னு அர்த்தம்மா. அந்த அளவுக்குப் புது மணல் மேலேருந்து வந்துகிட்டே இருக்குன்னு அர்த்தம். தோண்டி எடுத்தாலும் ஒரு மழைக்காலத்துல குழி நிரம்பிடும். அப்படித்தான் இந்த ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன்."

"நல்ல சேதிதானே. எதுக்கு மூஞ்சி இப்படி இருக்கு?"

கிணற்றுக் கட்டையில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து, வாளியைப் பார்த்துவிட்டுப் போனது.

"கொன்றைமேடு போயிருக்கீங்களா?"

"இல்ல."

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி அங்கேயும் இதே மாதிரி அளந்தேன். அங்கேயும் நூத்துக்கு நாலுதான் கிடைச்சுது. அங்கேயும் ஒரு மழைக்காலம்னுதான் எழுதினேன். எடுத்தாங்க. ஆறு மழைக்காலம் ஆச்சு. நிரம்பல. ஆத்துக்குள்ள ஊர்க்கிணறு இருந்துது. சுத்தி மணல் போனதும் கிணத்து உறை மட்டும் தனியா நிக்குது, மூணு ஆள் உசரத்துக்கு, கோபுரமாட்டம். கிணறு மேல பார்த்து நிக்கறதை நான் அங்கதான் பார்த்தேன்."

"தண்ணி?"

"டிராக்டர்ல வருது. ரெண்டு நாளைக்கு ஒரு தடவ."

"அப்ப எண்ணு தப்பா?"

"எண்ணு சரிம்மா. மூணு தடவ போட்டுப் பார்த்தேன். போன வாரம்கூடப் பழைய நோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு புள்ளி பிசகல."

"அப்ப ஆத்து மேலதான் தப்பு."

மாசிலாமணி அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் கேலி தெரியவில்லை. அதுதான் அவளிடம் கஷ்டம். கேலி செய்கிறாளா இல்லையா என்று ஒன்பது வருடமாகியும் அவருக்குப் பிடிபடவில்லை.

"எனக்கு அசதியா இருக்கும்மா" என்றார். "காலைல எழுந்தா அசதி. இந்த ஆறு, இந்தச் சல்லடை, இந்த எண்ணு. விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துடறேன். துணி கொடுங்க. இங்க ஒரு மூலையில கிடக்கறேன்."

"திங்கக்கிழமைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"அப்ப கையெழுத்து?"

"அடுத்த ஆள் போடுவார்."

"அவரு என்ன எண்ணு போடுவாரு?"

மாசிலாமணி காகிதக் கட்டின் முனைகளைத் தட்டிச் சரிசெய்தார்.

"சொல்லுங்கண்ணே."

"நான் எழுதி வச்ச எண்ணைத்தான்."

"ம்."

அவள் காகிதக் கட்டை எடுத்து அவர் மடியில் திரும்ப வைத்தாள்.

"இது காகிதம்ணே. காகிதத்தை விடறவங்க பழைய பேப்பர் கடைக்குப் போகணும். நீங்க விடறது மணலை. மணலைக் காட்டுங்க."

"மணலா?"

"சிவப்பு மணலு. முழுசா ஒரு தடவ பார்த்துடறேன். அப்புறம் துணி."

"அம்மா, அது போயிடுச்சுன்னு சொல்றேன்."

"கொட்டின இடத்தையாவது காட்டுங்க" என்று எழுந்தாள். போகிற போக்கில் சுவரோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

* * *

வாசல் புளியமரத்தடியில் சூசை பைக்கில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஆற்றில் இறங்கி வேலை பார்க்கும் லஸ்கர். பத்தொன்பது வருடமாக மாசிலாமணியோடு இருக்கிறார். சாயம் கலந்தவர், மூட்டை தூக்கியவர், சலித்தவர். எண்ணியது மட்டும் மாசிலாமணி.

"சூசையண்ணே, எழுந்திரிங்க. ஆத்துக்குப் போறோம்" என்றாள் மடத்தம்மா.

"எதுக்கும்மா?"

"உங்க சாருக்கு மணலைப் பிரிய மனசு வரல."

சூசை மாசிலாமணியைப் பார்த்தார். மாசிலாமணி தரையைப் பார்த்தார். சூசை பைக் பெட்டியைத் திறந்து கயிற்றுச் சுருளை எடுத்துக்கொண்டார்.

வைகாசி மாதத்து ஆறு. மணி நாலு. அக்கரை ஓரமாக ஒரு கோடு தண்ணீர் மினுங்கியது. மற்றதெல்லாம் மணல். மடத்தம்மா வெறுங்காலோடு நடந்தாள். மாசிலாமணி செருப்போடு நடந்தும் சூடு ஏறியது.

"மணலு நகருதோ இல்லையோ, நாம சீக்கிரம் நகரணும் சார்" என்றார் சூசை. "பாதம் பொரியுது."

இரண்டு கரையிலும் வெள்ளையடித்த கல் நட்டிருந்தது. சூசை கயிற்றின் ஒரு நுனியை இக்கரைக் கல்லில் கட்டிவிட்டு, மறு நுனியோடு ஆற்றைக் கடந்து போனார். திரும்பி வர வெகுநேரம் ஆனது. கயிறு மணலுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் நின்றது. அதில் பதினைந்து தப்படிக்கு ஒரு முடிச்சு. மொத்தம் இருபது.

"முடிச்சுக்கு ஒரு மூட்டை" என்றார் மாசிலாமணி.

மடத்தம்மா முதல் முடிச்சுக்கு நேராகப் போய் நின்றாள்.

"இங்க ஒரு மூட்டை."

"ஆமாம்."

"மாசியில இங்க தேடினீங்களா?"

"இங்கயா? இல்ல. நூறு மீட்டர் தள்ளி, கீழே இருந்துதான் ஆரம்பிச்சோம்."

"ஏன்?"

"இங்கதானே போட்டோம்."

"அதான் கேக்கறேன். போட்ட இடத்துல ஏன் தேடல?"

"நகர்ந்த மணலைத்தானேம்மா அளக்கணும். போட்ட இடத்துக்குப் பக்கத்துல கிடக்கறது நகராத மணல். அதைக் கணக்குல சேர்த்தா அளவு கெட்டுப்போயிடும்னு நூறு மீட்டர் விட்டுடறது. முறையே அப்படித்தான்."

சொல்லும்போதே அவர் குரல் எங்கேயோ தட்டியது. அவருக்கே கேட்டது. இத்தனை வருடத்தில் இதை எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்! யாரும் திருப்பிக் கேட்டதில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

"மேல பாருங்களேன்" என்று அவசரமாகச் சொன்னார். "ஒரு பொட்டு சிவப்பு இருக்கா? வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு."

மடத்தம்மா மண்வெட்டியை நீட்டினாள்.

"தோண்டுங்க."

"என்னம்மா இது."

"பார்க்காம எப்படிண்ணே துணி கொடுக்கறது?"

அவர் வாங்கிக்கொண்டார்.

* * *

முதல் ஒரு சாண், காய்ந்த மணல். வெட்ட வெட்டச் சரிந்து நிரம்பியது. அகலமாக வெட்ட வேண்டியிருந்தது.

அதன் கீழே ஈரம். வெட்டிய பக்கம் சரியாமல் நின்றது. சாம்பல் நிற மணல். சிப்பித் துண்டு ஒன்று. மக்கிய இலை.

"ஊத்து எடுக்கற மாதிரி எடுக்கறீங்க சார்" என்றார் சூசை. "கொடுங்க, நான் வெட்டறேன்."

"இருக்கட்டும்."

ஒரு கை ஆழம் நெருங்கியது. சாம்பல்தான். அவருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதியை நினைத்து உடனே வெட்கமாகவும் இருந்தது. எதற்கு நிம்மதி? கொன்றைமேட்டுக் கிணறு நிற்கிற நிலையில், எண் சரி என்பதில் யாருக்கு நிம்மதி?

"பார்த்துட்டீங்களாம்மா? ஒண்ணும் இல்ல."

"இன்னும் ஒரு வெட்டு."

வெட்டினார்.

"இன்னும் ஒண்ணு."

வெட்டி, இழுத்தார்.

மண்வெட்டி இலையில் ஒட்டி வந்த மணல் வேறு நிறத்தில் இருந்தது.

செங்கல் பொடியாக இருக்கும் என்று நினைத்தார். வெள்ளத்தில் செங்கல் வரும். மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குழி ஓரத்தில் மண்டியிட்டார். கையை உள்ளே விட்டார். தோள் வரை போனது. ஒரு பிடி அள்ளி வெளியே எடுத்தார்.

சிவப்பு.

உள்ளங்கையில் தேய்த்தார். போகவில்லை. சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தார். மணிக்கட்டை முழங்காலில் ஊன்றிக்கொண்டு பார்த்தார். ஒவ்வொரு மணியின் மேலும் பசை மினுங்கியது. சாயத்தோடு கலந்த அதே பசை.

குழிக்குள் எட்டிப் பார்த்தார். சாம்பல் சுவரில், அடியில், நான்கு விரல் கனத்துக்கு ஒரு சிவப்புப் பட்டை. வரிசையாக, அலுங்காமல்.

சூசை ஒரு தடவை குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார்."

"ம்."

"நான் எதையும் பார்க்கலை சார்."

மாசிலாமணி குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரைக்குப் போய் ஒரு பீடி புடிச்சுட்டு வரேன். நீங்க முடிச்சுட்டுக் கூப்பிடுங்க." கயிற்றைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் சூசை போனார்.

* * *

"அழகா இருக்குண்ணே" என்றாள் மடத்தம்மா. குழிக்கு எதிர்ப்பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். "சேலைக் கரையாட்டம்."

"போகல" என்றார் மாசிலாமணி.

"ஆமா."

"இங்கேயே இருக்கு."

"மேல கிடந்த மணலு? அது புதுசா வந்ததா?"

"இல்லம்மா." அவர் வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போனது. மனசு வேறெங்கோ இருந்தது. "புதுசா வந்திருந்தா படுகை உசந்திருக்கணும். மட்டம் பார்த்தேன். உசரல. வெள்ளத்துல அடிமணல் கலங்கும். மேல கிடந்தது கீழ போகும். பக்கத்துல கிடந்தது மேல வரும். தண்ணிதான் வந்துட்டுப் போயிருக்கு. மணல் புரண்டு படுத்திருக்கு."

"தூக்கத்துல புரளுற மாதிரி."

"ஆமாம்."

"அப்ப தோண்டி எடுத்தா?"

"எடுத்ததுதான்."

சொல்லிவிட்டு அவர் சட்டென்று தலையை உலுக்கினார்.

"ஒரு குழியை வச்சு எதுவும் சொல்ல முடியாதும்மா. இந்த ஒரு இடத்துல ஏதாவது தடுப்பு இருந்திருக்கும். கட்டை, கல்லு, ஏதோ ஒண்ணு. இன்னும் பத்தொன்பது இருக்கு."

"இருக்கு."

"அதுல எல்லாம் போயிருக்கலாம்."

"போயிருக்கலாம்."

"ஒரு குழி கணக்கே இல்ல."

"நீங்க சொன்னா சரிண்ணே. நான் எட்டாவது."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வழக்கம்போல் ஒன்றும் காட்டவில்லை.

பத்தொன்பதையும் தோண்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பத்தொன்பதிலும் சிவப்பு வந்தால் நாவல்துறை அறிக்கை போய்விடும். அது சின்ன விஷயம். கிழித்துப் போட்டால் தீர்ந்தது. ஆனால் நாவல்துறையில் பொய்த்த முறை கொன்றைமேட்டில் மட்டும் எப்படி நிற்கும்? அங்கேயும் நூறு மீட்டர் விட்டுத்தான் தேடினார். அங்கே போட்ட சிவப்பு மணலும் அங்கேயேதான் கிடந்திருக்கும். லாரிகள் அதையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போயிருக்கும். அதற்கு முன்னால் இன்னும் இரண்டு ஆறுகள். எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து. ஆற்றின் தப்பு, யாரோ அதிகமாக எடுத்த தப்பு என்று ஆறு வருடமாகத் தன்னிடமே சொல்லிவந்ததை இனிமேல் சொல்லிக்கொள்ள முடியாது.

தோண்டாவிட்டால் ஒன்றும் ஆகாது. திங்கட்கிழமை வரும். போகும். அவர் இந்த மடத்தில் அண்டா தேய்த்துக்கொண்டிருப்பார்.

"இருட்டறதுக்கு முன்னாடி மூடிடணும்மா" என்றார். "மாடு வந்து கால் விட்டுடும்."

"மூடுங்க."

அவர் இரண்டு கையாலும் மணலைக் குழிக்குள் தள்ளினார்.

அதிகம் தள்ள வேண்டியிருக்கவில்லை. மேலே கிடந்த காய்ந்த மணல் தானாகவே இறங்கியது. கையை வைத்தால் போதும். சத்தமே இல்லை. சிவப்புப் பட்டையின் மேல் சாம்பல் பொழிந்தது. பாதி மறைந்தது. அவர் இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கத்திலிருந்தும் சேர்ந்து சரிந்தது. இன்னும் நாலு கை. இன்னும் மூன்று. யாரோ ரொம்ப நாளாகக் காத்திருந்து உதவிக்கு வந்ததுபோல் மணல் ஓடி வந்தது.

பட்டையில் ஒரு விரல் அகலம்தான் மிச்சம் தெரிந்தது.

அவர் கைகள் நின்றன.

மணல் நிற்கவில்லை. சரிந்துகொண்டே இருந்தது.

அவர் இரண்டு முழங்கையையும் குழிக்குள் இறக்கி, உள்ளங்கைகளை விரித்து, சரிகிற மணலுக்குக் குறுக்கே வைத்தார். விரல் இடுக்கு வழியாக வழிந்தது. விரல்களைச் சேர்த்துக்கொண்டார். தோளில் வலி ஏறியது. கன்னம் மணலில் பட்டது. சூடாக இருந்தது. எடுக்கவில்லை.

"என்னண்ணே செய்யறீங்க?" என்றாள் மடத்தம்மா.

"தெரியலம்மா."

"மூடலையா?"

"கையை எடுத்தா அதுவே மூடிக்கும்."

"எடுங்களேன்."

அவர் எடுக்கவில்லை.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு, இரண்டாவது முடிச்சுக்கு நேராகப் போய் அங்கே உட்கார்ந்துகொண்டாள். அவரைப் பார்க்கவில்லை. மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மாசிலாமணிக்கு மூச்சு இரைத்தது. ஐம்பத்தாறு வயதில் ஒரு குழிக்குள் கையை விட்டுக்கொண்டு கிடக்கிறோம் என்று நினைத்தார். எவ்வளவு நேரம் இப்படிப் பிடித்துக்கொண்டிருக்க முடியும்? இன்னும் பத்தொன்பது குழி. ஒவ்வொன்றும் தோள் ஆழம். பிறகு கொன்றைமேடு. பிறகு அந்த இரண்டு ஆறுகள். அசதி போகவில்லை. அப்படியே உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"சூசை" என்று கூப்பிட்டார்.

குரல் மணலுக்குள்ளேயே போய்விட்டது. தலையைத் தூக்கி, மறுபடியும் கூப்பிட்டார்.

"சூசை!"

கரையிலிருந்து பதில் வந்தது.

"நான்தான் எதையும் பார்க்கலைன்னு சொல்லிட்டேனே சார்."

"வந்து பாரு" என்றார் மாசிலாமணி.